வெட்டாத அத்லஸ்

1

அகராதி ஒன்றுக்காக ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத உட்கார்ந்தேன். அது கதையில் கொண்டுபோய் விட்டது. சொல்: அத்லஸ். நாலு வரி போதும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் வரி சுலபமாக வந்தது. ‘பட்டிழையில் நெய்த, மினுங்கும் துணி.’ அடுத்த வரியிலேயே இடறியது. அரபியில் இந்தச் சொல்லுக்கு வழுவழுப்பானது, பூவேலை இல்லாத வெறுந்துணி என்றெல்லாம் பொருள். பட்டு நெய்யும் எங்கள் மர்கிலான் ஊரிலோ அத்லஸில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தோடும், பார்க்கிறவர் கண் கூசும். சரி, பயன்களுக்குப் போவோம் என்று ‘பெண்கள் இதில் உடை தைத்து...’ என எழுதி அங்கேயே நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த வீடுகளில் சீர்வரிசையில் வந்த அத்லஸ் எதுவும் தையல்காரியைப் பார்த்ததில்லை. ஒரு வீட்டு விசேஷத்தில் வரும், மரப்பெட்டியில் காத்திருக்கும், அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிவிடும்.

(காசு கொடுத்து வாங்கியதைத் தைத்துப் போடுகிறார்கள். அது வேறு கதை. அதை எழுத ஆளிருக்கிறது.)

2

‘சனோபரின் முற்றத்தில், திராட்சைப் பந்தலின் கீழே...’

வேண்டாம். மர்கிலானைப் பற்றி எழுதும் எல்லோரும் அந்தப் பந்தலின் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இடமில்லை.

சனோபர் காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். மகள் ஜும்ரத்துக்கு அன்று ரொட்டி உடைப்பு. இரு வீட்டாரும் கூடியிருக்க, பெரியவர் ஒருவர் ரொட்டியை இரண்டாக உடைத்துவிட்டால் நிச்சயம் முடிந்தது. அதன் பிறகு பின்வாங்கினால் தெருவில் தலைகாட்ட முடியாது. பையன் ஜவ்லான்மேல் ஜும்ரத்துக்கு உயிர். அது அம்மாவுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பையனின் தாய்க்குக் கொடுக்கப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே பளிச்சென்ற அத்லஸை எடுத்தாள் சனோபர்.

“இது யாரு குடுத்ததும்மா?”

“யாரோ குடுத்தாங்க. வந்தது போவுது. உனக்கென்ன?”

“மடிச்ச தடம் அப்படியே நிக்குது பாரு.”

“இஸ்திரியைப் போடு, வாயைப் போடாத.”

3

இங்கே ஒரு திருட்டுத்தனம் செய்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் முதலில் ரொட்டி, பிறகுதான் சீர்த்தட்டு. நான் தட்டை முன்னால் தள்ளிவிட்டேன். ரொட்டி உடையாமல் இருந்தால்தானே கல்யாணம் நின்றுபோக முடியும்? பழியைச் சனோபரின் அவசரத்தின்மேல் போட்டுவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள்தான்.

ஆக, தட்டு வந்தது. பையனின் தாய் இனாபத் துணியைப் பிரித்தாள். தடவிப் பார்த்தாள். ஓரத்தைத் திருப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. அங்கே கருநூலில் ஒரு சின்னத் தையல்.

“இது நான் போட்ட தையல்” என்றாள்.

கூடத்தில் தேநீர்க் கிண்ணங்கள் கீழே இறங்கின.

“எங்க நாத்தனார் மக கல்யாணத்துக்கு நான் குடுத்த துணி. கண்ணூறு படக்கூடாதுன்னு ஓரத்துல என் கையாலயே ஒரு தையல் போட்டேன்.”

சனோபரின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அடுத்த அறையில் ஜன்னலோரம் நிற்கும் மகளை நினைத்தாள்.

“சம்பந்தியம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது...”

“இன்னும் சம்பந்தி ஆகலியே” என்றாள் பையன் பக்கத்து அத்தை ஒருத்தி. எல்லாக் கதையிலும் இப்படி ஒருத்தி வேண்டியிருக்கிறது.

ரொட்டியைக் கையில் வைத்திருந்த ஸாதிக் பெரியப்பா, “நான் உடைக்கட்டுமா, இல்ல அடுப்புலயே திரும்ப வைக்கவா?” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

4

இனாபத்தை எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் கோபக்காரியாக்கினேன். துணியை வீசிவிட்டுப் போனாள். மலிவாக இருந்தது. அடுத்ததில் விழுந்து விழுந்து சிரிக்கவைத்தேன். அதற்குள் எல்லோரும் பலாவ் சாப்பிடப் போய்விட்டார்கள், கதையே இல்லை.

பிறகு பேசாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“எவ்வளவு அழகா இருக்கு! குடுக்கறப்பவே மனசு கேக்கல. பெட்டியில வேற இல்ல, குடுத்துட்டேன். கல்யாணமாகி வந்ததுலேருந்து எனக்கு எத்தனையோ அத்லஸ் வந்தாச்சு. ஒண்ணைக்கூட தைச்சுப் போட்டதில்ல.”

“நான் மட்டும்?” என்றாள் சனோபர். சண்டைக்குச் சொன்னதில்லை, தானாக வந்துவிட்டது.

5

ஜும்ரத் இந்தக் கதையில் பேசுவதாக இல்லை. மணப்பெண் தலை குனிந்து, அடுத்த அறையில் இருக்கவேண்டும். நானும் அங்கேதான் வைத்திருந்தேன்.*

அவள் கையில் கத்தரிக்கோலோடு வந்தாள்.

“அத்தை, எந்திரிச்சு நில்லுங்க” என்றாள் இனாபத்திடம்.

“எதுக்குடி?” என்று பதறினாள் சனோபர்.

“தைக்கத்தான். வெட்டாம இருக்கறதாலதானே ஊரைச் சுத்துது?”

“அது சீர்த்துணிடி! இன்னும் ரொட்டிகூட...”

“நீ கொஞ்சம் சும்மா இரும்மா.”

ஓரத்தில் ஒரு வெட்டு, பிறகு ஒரே இழுப்பு. பட்டு கிழியும்போது ஒரு சத்தம் வரும். அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தம். அத்தைக்காரிகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். எழுதுகிறவன் இதைச் சொல்லக்கூடாதுதான்.

* ஜன்னலோரம் தையல் மெஷின் இருந்தது எனக்கும் தெரியாது.

6

முடிவு ஒன்று: பெரியப்பா ரொட்டியை உடைக்கிறார், பெண்கள் வாழ்த்துகிறார்கள், ஜவ்லான் வாசலில்... (விட்டுவிடுகிறேன். நீங்களே எழுதிவிடுவீர்கள்.)

முடிவு இரண்டு: “ரோஷமில்லையா உனக்கு?” என்று அத்தைக்காரி இனாபத்தை இழுத்துக்கொண்டு கிளம்புகிறாள். இதையும் எழுதிப் பார்த்தேன். வாசல்வரை போகிறார்கள், அதற்குமேல் என் கை ஓடவில்லை.

எனவே அவர்களை அப்படியே விட்டுப்போகிறேன். இனாபத் எழுந்து நிற்கிறாள். ஜும்ரத் அளவு நாடாவோடு, “கையைக் கொஞ்சம் தூக்குங்க அத்தை” என்கிறாள். இனாபத் கையைத் தூக்குகிறாளா, நீங்கள்தான் சொல்லவேண்டும். அவசரமில்லை, தேநீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: நீங்கள் என்ன முடிவு செய்தாலும், துணியை வெட்டியாகிவிட்டது. அதை இனி யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.