மணிக்கு நாற்பத்திரண்டு முறை

பேருந்துப் பணிமனையில் அவருக்குக் ‘கம்ப்யூட்டர்’ என்று பெயர். எந்த வண்டி எந்தத் தடத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை அட்டவணை பார்க்காமலே ஒப்பிப்பார். இருபத்தாறு வருடமாக நேரக் கண்காணிப்பாளர் நாற்காலி அவருக்குத்தான்.

வீட்டில் அவர் புகழ் வேறு மாதிரி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவர் மனைவி, பதினோரு வருடமாகக் கூடத்தில் படுக்கிறாள். அவருடைய குறட்டைக்குக் கதவெல்லாம் ஒரு தடையே இல்லை.

“எங்க அண்ணனுக்கு மனசுல கள்ளமில்ல அண்ணி, அதான் படுத்ததும் தூக்கம்” என்று நாத்தனார் சான்றிதழ் கொடுப்பாள். சான்றிதழ் கொடுத்த கையோடு, தன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவாள்.

அவ்வப்போது குறட்டை சட்டென்று நிற்கும். அப்பாடா என்று வீடே மூச்சு விடும். அவர் மூச்சு விடுகிறாரா என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை.

ஐம்பத்து நான்கு வயதில் அவர் மறக்கத் தொடங்கினார். முதலில் சாவி, பிறகு சொன்ன பேச்சு. குடும்ப டாக்டர், “வயசாகுதில்லையாம்மா” என்றார். அந்த டாக்டருக்கு அவரைவிடப் பத்து வயது அதிகம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பத்து வண்டியைக் கம்ப்யூட்டர் இரண்டு முறை அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரித் தடத்துக்கு வண்டியே போகவில்லை. நாற்பது நோயாளிகள் நிறுத்தத்தில் நின்றபடியே இன்னும் கொஞ்சம் நோயாளியானார்கள். மேலாளர் அவரைத் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றினார். மறந்துபோகிறவரை, ஊரார் மறந்துவிட்டுப் போன சாமான்களுக்குக் காவல் வைத்த நிர்வாகத்தின் புத்திக்கூர்மையை மனைவி மனதாரப் பாராட்டினாள்.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் சோபாவில் கண்ணயர்ந்தார். குறட்டை நின்றது. அவள் என்னவோ தோன்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தெட்டு விநாடி. பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர்போல அவர் திணறி மூச்சிழுத்தார்.

தூக்க மருத்துவரிடம் இழுத்துப் போனாள். உடம்பெல்லாம் ஒயர், விரலில் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்தார்கள்.

“மணிக்கு நாப்பத்திரண்டு தடவை மூச்சு நிக்குது” என்றார் அந்த டாக்டரம்மா. “ரத்தத்துல ஆக்சிஜன் எழுபத்தொரு சதவீதம் வரைக்கும் இறங்கியிருக்கு. தொண்ணூறுக்குக் கீழ போனாலே நாங்க கவலைப்படுவோம்.”

“மெஷின் பழசா இருக்கும்” என்றார் கம்ப்யூட்டர்.

மனைவி அவரைப் பொருட்படுத்தவில்லை. “மறதி அதனாலதானா டாக்டர்? அல்சைமரா?”

“இப்பவே அப்படிச் சொல்லிட முடியாதும்மா. ஆனா வருஷக்கணக்கா தூக்கத்துல ஆக்சிஜன் குறைஞ்சா, மூளையில நினைவைப் பிடிச்சு வைக்கிற இடம் அடிவாங்கும். மூளை தன்னோட கழிவைக் கழுவிவிடறதும் ஆழ்ந்த தூக்கத்துலதான். இவருக்கு அந்தத் தூக்கமே கிடையாது. கழிவு தேங்குனா அல்சைமர் வர அதுவும் ஒரு காரணமாகலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. உறுதியாத் தெரியல. ஆனா மூச்சு நிக்கிறதை நம்மால தடுக்க முடியும். தடுப்போம்.”

மூச்சு நிற்காமலிருக்க ராத்திரி மூக்கில் குழாயோடு மாட்டும் காற்றுக் கருவியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். “தும்பிக்கையை மாட்டிக்கிட்டு படுக்க நான் என்ன யானையா?” என்று அவர் மூன்று வாரம் அதைத் தொடவில்லை.

“யானைக்கு ஞாபகம் ஜாஸ்தின்னு சொல்வாங்க. மாட்டித்தான் பாருங்களேன்” என்றாள்.

ஒருநாள் சாயங்காலம் அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “எவனோ விட்டுட்டுப் போயிட்டான்னு பதிவேட்டுல எழுதி, சீட்டு ஒட்டி, அலமாரியில வச்சேன். பசியோட சாயங்காலம் வரைக்கும் அவன் வருவான்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

டப்பாவின் மூடியில் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. அவள் அதை உரித்தெடுத்தாள். சாப்பாட்டைச் சூடாக்கப் போனாள்.

“அந்த மெஷின் எங்க?” என்றார் அவர்.

ஆறு மாதம் விடாமல் மாட்டினார். பகல் தூக்கம் போனது, சிடுசிடுப்பு பாதியானது. மறதி மட்டும், வந்த விருந்தாளிகளில் சிலர் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதுபோல, கொஞ்சம் தங்கிவிட்டது. ஆறாம் மாத ஞாபகச் சோதனையில் டாக்டரம்மா சொன்ன ஐந்து வார்த்தைகளில் மூன்றைத் திருப்பிச் சொன்னார். முதல் சோதனையில் ஒன்றுதான் வந்தது. மீதி இரண்டை டாக்டர் சொல்லவேயில்லை என்று சண்டையும் பிடித்தார்.

திரும்பும் பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். “நாலு நிமிஷம் லேட்டு” என்று ஓட்டுநரைக் குறை சொன்னார். உண்மையிலேயே நான்கு நிமிடம்தான். அவள் சந்தோஷப்படத் தொடங்கும்போது அவர் கேட்டார்:

“டாக்டர்கிட்ட எப்போ போறோம்?”

“போயிட்டுத்தான் வர்றோம்.”

“என்ன சொன்னாங்க?”

“நீங்க ஒழுங்கா மூச்சு விடறீங்களாம்.”

“இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேணுமா?” என்றார் கம்ப்யூட்டர்.