சம்மந்தியைத் தொலைத்த நிலையம்

மாக்கிரட்டின் அழைப்பு வந்தபோது அக்னெஸ் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். கனடாவில், வில்லரேயில் அவள் சமையல் வேலை செய்யும் கார்டெறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் போனை எடுத்தால் பொறுப்பாளர் மாடாம் லூசிக்குப் பிடிக்காது. ஆனால் யப்பானிலிருந்து வருகிற அழைப்பை எப்படி விடுவது? கணவர் அருமைராசா, மாக்கிரட் கூட்டிப்போன கோயில் ஆட்களோடு நாகசாகிக்கு யாத்திரை போய் ஒரு கிழமை ஆகிறது. இங்கே காலை என்றால் அங்கே இரவு. இரவில் தூங்காமல் ஒருத்தி போன் எடுக்கிறாள் என்றால் அது சுகம் விசாரிக்க அல்ல.

"அக்னெஸ், பதறாதேங்கோ," என்றாள் மாக்கிரட்.

பதறாதே என்று தொடங்கிய கதையை இதுவரை உலகத்தில் யாரும் பதறாமல் கேட்டதில்லை. அக்னெஸ் கத்தியைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் ஓடினாள். பிள்ளைகளின் பனிச் சப்பாத்துகள் வரிசையாக ஈரம் சொட்டிக்கொண்டிருந்த சின்ன அறை அது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணை எங்களோட இல்லை. ஹக்காட்டா ஸ்டேசனிலை தவறவிட்டிட்டம்."

விசயம் இதுதான். நாகசாகியில் வேதசாட்சிகள் மலையில் பூசை கண்டுவிட்டு எல்லோரும் ஒசாக்காவுக்குத் திரும்பியிருக்கிறார்கள். வழியில் ஹக்காட்டா நிலையத்தில் ரயில் மாற வேண்டும். பாதிப் பேர் ஒரு பெட்டியில், பாதிப் பேர் அடுத்த பெட்டியில். இந்தப் பெட்டிக்காரர் அருமைராசா அந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று நினைக்க, அந்தப் பெட்டிக்காரர் இந்தப் பெட்டியில் என்று நினைக்க, ஹிரோஷிமா கிட்ட வந்து முறுக்குப் பையைப் பிரித்துப் பங்கிட்ட பிறகுதான் ஒரு பங்கு மிஞ்சியது. அவருடைய கோட் மற்றவர்களின் பைகளோடு சேர்ந்து ஏறி மேல் தட்டில் கிடந்தது. போன் அந்தக் கோட்டுக்குள் கிடந்தது. பாதர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஒசாக்காவுக்குப் போக, மாக்கிரட் தனியாக இறங்கி ஹக்காட்டாவுக்குத் திரும்பி வந்திருக்கிறாள்.

"எல்லா இடமும் பாத்திட்டன். இது ஸ்டேசன் இல்லை அக்னெஸ், ஒரு ஊர். மேலை பத்து மாடிக்குக் கடையள், கீழை நிலத்துக்குள்ளையும் கடையள், அதுக்கும் கீழை மெட்ரோ. வெளியாலை போற வாசலே ரெண்டு பக்கம் இருக்கு. அதோட இந்த ஊருக்குப் பேர் ஃபுக்குவோக்கா, ஸ்டேசனுக்குப் பேர் ஹக்காட்டா. அண்ணை ஆரிட்டை என்னெண்டு வழி கேப்பார்?"

அக்னெஸ் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"பொலிசிட்டையும் சொல்லிப்போட்டன். ஆளுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு கேட்டவை. இல்லை, நல்ல சுகமான மனிசன், இங்கிலீசும் பிரெஞ்சும் கதைப்பார் எண்டன். அப்ப அடுத்த ரயிலிலை வந்திடுவார், நாங்கள் குறிச்சு வைக்கிறம் எண்டு சொல்லிச்சினம்." மாக்கிரட் குரலைத் தாழ்த்தினாள். "ஏதும் இருக்கோ, அக்னெஸ்?"

"சீனி வருத்தம் மட்டுந்தான்," என்றாள் அக்னெஸ். "வேறை ஒண்டும் இல்லை."

சொன்னாள். தன் வாயாலேயே சொன்னாள். கேட்கிற நமக்கே கன்னத்தில் ஒன்று போட்டால் என்ன என்று வரும். ஆனால் அவளைத் திட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாக்கிரட் வெறும் யாத்திரைத் தலைவி அல்ல. மகள் ஷெரோனைக் கட்டப்போகிற டனிஸ்ரனின் தாய். ஈஸ்டர் முடிந்து மூன்றாம் சனிக்கிழமை கலியாணம். மண்டபமும் பேசியாயிற்று.

அருமைராசாவுக்கு மறதி நோய் என்று வைத்தியர் போன இலையுதிர் காலத்தில் சொன்னார். அதற்கு முன்பே அக்னெஸுக்குத் தெரியும். பார்க் எக்ஸ்டென்ஷனில் முப்பது வருடம் குடியிருந்த மனிதர் பார்க் மெட்ரோ வாசலில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பனியில் நின்றதைத் தெரிந்த ஒருவர் கூட்டிவந்து விட்டபோதே தெரியும். "கண்ணாடியை வீட்டிலை மறந்திட்டுப் போயிட்டார்," என்று அந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தாள். ஷெரோன் அழுது கேட்டாள். "அம்மா, டனியின்ரை அம்மாட்டைச் சொல்லுவம்." கலியாணம் முடியட்டும் என்றாள் அக்னெஸ். தகப்பனுக்கு மூளையில் பிழை என்றால் நாளைக்குப் பிள்ளைக்கும் வரும், பிள்ளையின் பிள்ளைக்கும் வரும் என்று கோயில் பங்குச் சனம் முழுக்கக் கதைக்கும். கதைக்காது என்று சொல்பவர்கள் எங்கள் பங்கில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று பார்க்கட்டும்.

இந்த நேரத்தில்தான் மாக்கிரட், "சம்மந்தியும் வரட்டும்," என்று யாத்திரைக்குக் கூப்பிட்டாள். ஏன் வரவில்லை என்ற கேள்வி வந்தால் எல்லாம் வெளிவரும். அக்னெஸால் கூடப் போகவும் முடியாது. இருந்த லீவு எல்லாம் வைத்தியரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்ததிலேயே கரைந்துவிட்டது. நாகசாகியில் உயிர் கொடுத்த அந்த வேதசாட்சிகள் அவரைக் குணமாக்கி ஒரு புதுமை செய்ய மாட்டார்களா என்ற நப்பாசையும் இருந்தது. நேர்த்தி வைத்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைத்தாள்.

அழைப்பு நின்ற பிறகு அக்னெஸ் சப்பாத்துகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். மாசி மாதம். யப்பானில் எவ்வளவு குளிர் இருக்கும்? கோட் இல்லை. இரவு மருந்துக் குளிசை போட்டிருக்க மாட்டார். சாப்பிட்டாரோ தெரியாது. அப்படியும் அவளுடைய மனம் ஒரு பக்கம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். ஆள் தானாக அகப்பட்டுவிட்டால் எதையும் சொல்லத் தேவையில்லை. மாதாவே, சொல்லாமலே முடிந்துவிடட்டும். இப்படியும் ஒரு செபம்.

மாடாம் லூசி கதவைத் திறந்து பார்த்தாள். அக்னெஸின் முகத்தைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கதவை மெல்லச் சாத்திவிட்டு, வாழைப்பழத்தைத் தானே வெட்டப் போனாள்.

மாக்கிரட் மறுபடி எடுத்தாள். இந்த முறை மூச்சு வாங்கியது.

"ஒரு பாண் கடைப் பெட்டை அண்ணையைக் கண்டிருக்குது. படத்தைக் காட்டினன், உடனை சொல்லிப்போட்டுது. ரயில் வெளிக்கிட்ட நேரம் அதின்ரை கடை லைனிலை நிண்டவராம். முறை வந்ததும் ஒண்டும் வாங்கேல்லையாம். திரும்பப் போய்க் கடைசியிலை நிண்டவராம். ரெண்டு மூண்டு தரம். ஏதும் உதவி வேணுமோ எண்டு பெட்டை இங்கிலீசிலை கேட்டிருக்குது. சிரிச்சு, 'ஐ ஆம் பைன், தாங்யூ, காட் பிளெஸ்' எண்டு தலையை ஆட்டிப்போட்டு வெளியாலை போட்டாராம். நல்ல மரியாதையான மனிசன் எண்டு சொல்லுது."

அக்னெஸுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும்.

அந்தச் சிரிப்பை அவள்தான் பழக்கினாள். ஆறு மாதமாகக் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து, சின்னப் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது மாதிரிப் பழக்கினாள். ஆர் என்ன கேட்டாலும் முதலில் சிரியுங்கோ. தமிழிலை கேட்டால், சுகமாய் இருக்கிறன், கடவுள் கிருபை எண்டு சொல்லுங்கோ. இங்கிலீசிலை கேட்டால் ஐ ஆம் பைன். பேந்து நிக்காமல் நடவுங்கோ. நின்றால் அடுத்த கேள்வி வரும். அருமைராசா எல்லாவற்றையும் மறந்தார், இதை மட்டும் மறக்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் இருநூறு பேருக்கு நடுவில் அப்படியே சொல்லி, சிரித்து, நடந்து, ஒருவருக்கும் பிடிகொடுக்காமல் வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அக்னெஸ் அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

உலகத்தின் அந்த மூலையில் ஒரு பிள்ளை உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. அவர் பாடம் பிசகாமல் சொல்லிவிட்டு இருட்டுக்குள் இறங்கிப் போயிருக்கிறார்.

"அக்கா," என்றாள் அக்னெஸ். மறுபடி சொன்னாள். "அக்கா, அவருக்கு மறதி வருத்தம். டிமென்ஷியா. டொக்டர் சொல்லி அஞ்சு மாசம். இடம் தெரியாது, நாள் தெரியாது. அடுத்த ரயிலிலை வரமாட்டார். அவருக்கு ரயில் எண்டதே இப்ப தெரியாது. பொலிசிட்டைச் சொல்லுங்கோ. நான் உங்களை ஏமாத்திப்போட்டன். கலியாணத்தை நிப்பாட்டுறதெண்டாலும் நிப்பாட்டுங்கோ, அவரைத் தேடச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கத்தில் நிலைய அறிவிப்பு ஒன்று யப்பானிய மொழியில் இனிமையாக ஓடி முடிந்தது. மாக்கிரட் அழுவது கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"என்ன?"

"ரெண்டாம் நாளே தெரியும். ஹோட்டல் கதவைத் திறக்கத் தெரியாமல் தாழ்வாரத்திலை நிண்டவர். மலையிலை வைச்சு, ஆரின்ரை கலியாணத்துக்குப் போறம் எண்டு என்னைக் கேட்டவர். உங்கடை மகளின்ரை எண்டு சொல்ல, சந்தோசப்பட்டவர். பேந்தும் கேட்டவர். நீங்கள் மறைச்சு வைச்சிருக்கிறியள் எண்டு விளங்கிச்சுது. உங்கடை வீட்டு விசயம். நீங்கள் வாய் திறக்காத ஒண்டை நான் என்னெண்டு ஊருக்குச் சொல்லுறது? பாதருக்குத் தெரியக்கூடாது, மற்றவைக்குத் தெரியக்கூடாது எண்டு நான்தான் அவரைக் கையுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சன். இண்டைக்கு ரயில் மாறேக்கை ஒரு நிமிசம் டொய்லெற்றுக்குப் போனன். பாத்துக்கொள்ளுங்கோ எண்டு ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. சொன்னால் ஏன் எண்டு கேப்பினம் எல்லே. திரும்பி வர ஆள் இல்லை, மற்றப் பெட்டியிலை ஏறிட்டார் எண்டு நினைச்சன்."

"பொலிசுக்கு இல்லையெண்டு சொன்னியள்."

"பொலிசுக்குச் சொன்னால் எம்பசிக்குப் போகும், பாதருக்குப் போகும். உங்களிட்டைக் கேட்டுச் சொல்லுவம் எண்டுதான் கோல் எடுத்தன். நீங்களும் இல்லையெண்டியள்."

இரண்டு பெண்களும் ஆளை ஆள் அவமானப்படுத்தாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு மரியாதை. அவ்வளவு நாகரிகம். அதற்கு நடுவில் ஒரு மனிதர் கோட் இல்லாமல் தெருவில் நிற்கிறார்.

"இப்ப சொல்லுங்கோ, அக்கா. எல்லாருக்கும் சொல்லுங்கோ."

மாக்கிரட் ஓடினாள். அதன் பிறகு நேரம் அசையவில்லை. அக்னெஸ் ஷெரோனுக்குப் போன் எடுத்தாள். ஷெரோன் அப்பாவின் படத்தோடு நோயின் பெயரையும் எழுதி, டனிஸ்ரனுக்கும் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினாள். ஒரு மணித்தியாலத்துக்குள் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் பக்கத்து அஹுன்ட்சிக்கிலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் எதற்குப் பயந்தாளோ அது நடந்து முடிந்தது. அக்னெஸ் அதை உணரவேயில்லை. பனிச் சப்பாத்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குகள் அணைகிற ஒரு நிலையத்தையும் அதைச் சுற்றிய தெருக்களையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் கண்டிராத தெருக்கள். ஆள் செத்திருப்பார் என்று ஒரு தடவை நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அழைப்பு வந்தது. வீடியோ.

"ஆள் இருக்கிறார்," என்றாள் மாக்கிரட். "ஸ்டேசனுக்குப் பின்பக்கம், இரவு பஸ் வாற இடத்திலை. பஸ் லைனிலை நிண்டிருக்கிறார், டிரைவர்தான் பொலிசைக் கூப்பிட்டது. ஆனா வரமாட்டனெண்டுறார். கம்பியை விடுறார் இல்லை. உதடெல்லாம் நீலமாய்ப் போச்சு. பொலிஸ் கிட்டப் போனால் நடுங்குறார், அக்னெஸ். நீங்கள் கதையுங்கோ."

ஊரில் சண்டைக் காலத்தில், மன்னாரில் அருமைராசாவின் தமையனைச் சீருடை போட்டவர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். தமையன் திரும்பி வரவில்லை. முப்பத்தைந்து வருடக் கனடாவை மறந்தவருக்கு அந்த நாள் மட்டும் மிச்சம் இருந்தது.

திரையில் அவர் தெரிந்தார். மெல்லிய சட்டை. இரண்டு கையாலும் தடுப்புக் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தார். எதிரே இளம் பொலிஸ்காரன் ஒருவன் தன் கோட்டைக் கழற்றிக் கையில் நீட்டியபடி, கிட்டப் போகத் துணியாமல் நின்றான். போனைக் கண்டதும் அருமைராசா சிரித்தார்.

"சுகமாய் இருக்கிறன்," என்றார். "கடவுள் கிருபை."

"இல்லை," என்றாள் அக்னெஸ். "இஞ்சருங்கோ, என்னைப் பாருங்கோ. நான் அக்னெஸ். இனிமேல் அப்பிடிச் சொல்லத் தேவையில்லை. உண்மையைச் சொல்லுங்கோ. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

அவர் பக்கத்தில் நின்ற மாக்கிரட்டைப் பார்த்தார். திரும்பப் போனைப் பார்த்தார். சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை அது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைவிட்டு இறங்கியது. அதற்குக் கீழே இருந்த முகத்தை அக்னெஸ் ஆறு மாதமாகக் காணவில்லை. அது பயத்தில் வெளிறிப்போயிருந்தது.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அக்னெஸ்," என்றார். குழந்தை மாதிரி விம்மினார். "எனக்குக் கனநாளாய் ஒண்டும் விளங்கேல்லை. நீ ஏசுவாய் எண்டு சொல்லேல்லை."

அக்னெஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏசமாட்டன்," என்றாள். "அந்தத் தம்பியின்ரை கோட்டைப் போடுங்கோ. கம்பியை விடுங்கோ. மாக்கிரட் அக்கா கையைப் பிடிக்கிறா, பிடிக்க விடுங்கோ."

அவர் ஒரு கையை எடுத்தார். மற்றக் கையை எடுக்கக் கன நேரம் சென்றது.