முதல் துள்ளல்

சோதனைப் பெட்டியில் ஆயிரத்து எண்ணூறு ஆம்பியருக்கு மேல் எண் ஏறவில்லை. அவள் திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஏற்றினாள். பெட்டி உறுமியது. மணிக்கட்டுத் தடிமனில் இருந்த இரண்டு கேபிள்களும் ஒருமுறை உதறி அடங்கின. மறுபடியும் அதே ஆயிரத்து எண்ணூறு. வேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். இந்தப் பெட்டியை வேனிலிருந்து இறக்கி, சலவைக்கூடத்தின் ஈரத் தரையில், நான்கு சக்கரங்களில் ஒன்று தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்க, மின்பலகை அறைவரை தள்ளிக்கொண்டு வரவே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இங்கே வந்து இது அடம்பிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு போல" என்றார் சூப்பர்வைசர். பெட்டியைத் தள்ளியதில் அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "எங்க டிரையர்கூட இப்படித்தான் நிக்கும். ஒரு உதை விட்டா ஓடும்."

"உதைச்சிராதீங்க சார். கம்பெனியில அது என்னைவிட சீனியர்."

பெட்டியின் வேலை ஏமாற்றுவது. அதன் முனைகளைக் கையால் தொட்டால்கூட ஒன்றும் ஆகாது, மின்னழுத்தம் அவ்வளவு குறைவு. ஆனால் ஒரு பிரேக்கரின் வழியே ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் செலுத்தி, எங்கோ பெரிய விபத்து நடந்துவிட்டது என்று அதை நம்பவைத்துவிடும். நம்பிய பிரேக்கர் துள்ளி விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்க எத்தனை மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது என்பதைப் பெட்டி எழுதிக்கொள்ளும். பதினொரு வருடங்களாக ஊர் ஊராகப் போய் அவள் செய்வது இதைத்தான். அலுவலகத்தில் 'ஆம்பியர் அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும்.

குனிந்து பார்த்தபோதுதான் கேபிள்கள் கண்ணில் பட்டன. மனஸ்தாபத்தில் இருக்கும் புருஷனும் பெண்டாட்டியும் மாதிரி ஒன்று இந்தச் சுவரோரமாகவும் இன்னொன்று அந்தச் சுவரோரமாகவும் போயிருந்தது. நடுவில் ஓர் இரும்புத் தூண். இப்படிக் கிடந்தால் பாதி பலம் வழியிலேயே போய்விடும். முதல் நாள் வேலைக்கு வந்தவர்கள் செய்கிற தப்பு. தன் மேலேயே எரிச்சலாக வந்தது. ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து வாங்கி, இரண்டையும் ஒட்டப் படுக்கவைத்து, சாண் இடைவெளியில் இறுக்கிக் கட்டினாள். திருகை ஏற்றினாள். இரண்டாயிரத்து எழுநூறு. மூன்றாம் எண் பிரேக்கரின் நெம்புகோல் 'டப்'பென்று நடுவுக்கு விழுந்தது.

பதினாறு மில்லிசெகண்ட்.

புதுப் பிரேக்கர்கூட இவ்வளவு அழகாக விழாது. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் சுருங்கியது.

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பலகைக்கு முன்னால்தான் இந்தச் சலவைக்கூடத்தின் ஃபிட்டர் நின்றிருந்தார். வேலை செய்யும்போது பாடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் பாட்டுக்காரர். கையிலிருந்த ஸ்பானர் நழுவி உள்ளே செப்புப் பட்டைகளின் குறுக்கே விழுந்தது. மூன்றாம் பிரேக்கர் அந்த நொடியே விழுந்திருந்தால் ஒரு பொறி, ஒரு சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, அதோடு போயிருக்கும். "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணலாம், அவ்வளவு நேரம் எரிஞ்சுது" என்று கட்டுப்போட்ட இரண்டு கைகளோடு அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சொன்னார். பிரேக்கர் உடனே விழுந்துவிட்டது, கையுறை போடாமல் நின்றது அவர் குற்றம் என்றது நிர்வாகம். அவர் குற்றம் என்று முடிவானால் வேலை போகும், சிகிச்சையும் அவர் தலையில் விழும். விசாரணைக்காரர்கள் பிரேக்கரைச் சோதிக்கச் சொன்னார்கள். அதனால்தான் அவள் வந்திருக்கிறாள்.

பிரேக்கருக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனாள். இனிப்பு கலந்த மண்ணெண்ணெய் வாடை. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே.

"சார், இதை யாராவது தொட்டீங்களா?"

"தொடாம? நீங்க வர்றீங்கன்னு நேத்தே நான்தான் மூடியக் கழட்டி, தூசி தட்டி, ஸ்ப்ரே அடிச்சு, அந்தச் சிவப்பு பட்டனை ஒரு நாப்பது தடவ அமுக்கி விட்டேன். முதல்ல கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. அப்புறம் வெண்ணெய் மாதிரி."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். வருடக்கணக்காக அசையாமல் கிடக்கும் பிரேக்கரில் மசகு காய்ந்து பிசினாகிவிடும். முதல் தடவை விழும்போது அது தயங்கும். ஒருமுறை விழுந்துவிட்டால் பிசின் விட்டுப்போகும், அடுத்த தடவை ஒழுங்காக விழும். அதனால் முதல் துள்ளல் மட்டும்தான் உண்மையைச் சொல்லும் என்பார்கள் இந்தத் தொழிலில். அதை இரண்டாம் முறை கேட்க முடியாது. மூன்றாம் பிரேக்கரின் முதல் துள்ளல் விபத்தன்றே போய்விட்டது. மிச்சம் ஒட்டியிருந்த தயக்கத்தை நேற்று இவர் வழித்துத் துடைத்துவிட்டிருக்கிறார்.

"தொடாதீங்கன்னு லெட்டர்ல கொட்டை எழுத்துல போட்டிருந்தோமே சார்."

"லெட்டரெல்லாம் ஆபீஸுக்கு வரும். எனக்கு வர்றது திட்டு மட்டும்தான்." அவர் குரல் தணிந்தது. "அந்தப் பாட்டுக்காரன் என் வீட்டுக்காரியோட தம்பிம்மா. மூணு வாரமா வீட்ல எனக்கு சாப்பாடு வருது, பேச்சு வரல. பிரேக்கர் நல்லா இருக்குன்னு நீங்க எழுதிட்டா கேஸ் சுருக்கா முடிஞ்சு அவன் வீட்டுக்கு வந்துருவான்னு நெனச்சேன்."

"பிரேக்கர் நல்லா இருந்துச்சுன்னா, அப்போ தப்பு யாரு மேல சார்?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு, ஏதோ தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி, மெல்ல மூடிக்கொண்டார்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் செய்திருந்தால் கத்தலாம். இப்படி மைத்துனன்மேல் பிரியம் வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிரத்தையாகத் தடயத்தைத் துடைத்துவைத்திருக்கும் ஒருவரை என்ன செய்வது?

பலகையில் ஐந்து பிரேக்கர்கள். ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்றும் போன வருடம் புதிதாக மாற்றியவை. நான்காவது மட்டும் மூன்றாவதோடு ஒரே நாளில் வந்து, ஒரே தூசியை உண்டு, பக்கத்திலேயே கிடப்பது; மூன்றாவது சொல்ல வேண்டியதை இதுவாவது சொல்லக்கூடும்.

"நாலையும் அமுக்கிப் பாத்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. ஒம்பது வருஷமா அதை யாரும் தொட்டதே இல்ல" என்றவர், பலகைக் கதவின் உட்புறம் பார்த்துவிட்டுச் சட்டென நிறுத்தினார். அங்கே பராமரிப்பு அட்டை தொங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 'இயக்கிப் பார்க்கப்பட்டது, சரி'. எல்லா வரியிலும் அவருடைய கையெழுத்து, அவசரமாகப் போட்ட ஒரே சுழி. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

நான்காவது ஓட்டத்தில் இருப்பது, அதைச் சோதிக்க அனுமதியில்லை. மேனேஜரிடம் போனில் கெஞ்சி, அதட்டி, கடைசியில் விசாரணைக்காரர்கள் கேட்டால் தன்னால் பதில் சொல்ல முடியாது என்று பயமுறுத்தி, சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் வாங்கினாள். பெட்டிக்குப் போகும் தனி இணைப்பு தவிர, மெயின் அணைந்தது. பெரிய உருளைகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. ஆஸ்பத்திரி விரிப்புகள் பாதி அலசலில் நின்றன.

சிவப்புப் பொத்தான் பக்கம் யார் கையும் போகக்கூடாது என்றாள். சூப்பர்வைசர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவளே பட்டைகளைக் கழற்றினாள். தொடும் பரப்புகளை உரசித் துடைத்தாள். கேபிள்களை முறுக்கிப் பூட்டினாள், இறுக்கத்தைச் சரிபார்த்தாள். நெம்புகோலை மெதுவாக மேலே ஏற்றினாள். இருபத்திரண்டு நிமிடம் மிச்சம். இணைத்தாயிற்று, ஏற்றியாயிற்று, அடுத்தது என்ன என்று மனம் கேட்டது. மனம் கேட்டு முடிப்பதற்குள் கை அதைச் செய்துவிட்டது. எந்தப் பிரேக்கராக இருந்தாலும், மின்சாரம் செலுத்துமுன் ஒருமுறை கையால் விழவைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பதினொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பாள். கட்டைவிரல் தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது.

பொத்தான் உள்ளே போனது. ஒன்றும் நடக்கவில்லை.

அவள் விரலை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டியது. பிறகு, தூங்கும்போது கூப்பிட்டால் எழுந்துவரும் ஒருவன் மாதிரி, நெம்புகோல் முனகிக்கொண்டு அசைந்து, 'டப்'.

பெட்டியின் கடிகாரம் சுழியத்தில் இருந்தது. அதை அவள் ஓடவே விட்டிருக்கவில்லை.

"அய்யோ" என்றார் சூப்பர்வைசர், மிக மெதுவாக. "நீங்களுமாம்மா."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரம் சேலையில் ஏறுவது தெரிந்தது. சற்றுமுன் இவர்மேல் வந்த கோபத்துக்காவது ஒரு முகம் இருந்தது. இதற்கு அவளுடைய கட்டைவிரல்தான். அந்த விரலைப் பார்த்தாள். ஓரத்தில் மசி, நகத்தில் ஒரு பிளவு. படுக்கையில் கிடக்கிற மனிதருக்கு இப்படி இரண்டு கட்டைவிரல்களும் இனி மடங்குமா என்று டாக்டர்களுக்கே இன்னும் தெரியவில்லை.

நேரம் இருந்ததால் மிச்சத்தையும் செய்தாள். நெம்புகோலைக் கீழே அழுத்தி, மேலே ஏற்றி, இரண்டாயிரத்து எழுநூறைச் செலுத்தினாள். பதினெட்டு மில்லிசெகண்ட். இன்னொரு முறை. பதினேழு. பெட்டி தன் கடமையில் ஒரு குறையும் வைக்காமல் இரண்டையும் அச்சடித்துத் துப்பியது. கிழித்துப் போட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு இரண்டையும் படிவத்தில் ஒட்டினாள்.

கீழே குறிப்பு என்றொரு கட்டம், நான்கு வரிகள். மூன்றாம் பிரேக்கரைச் சோதனைக்கு முன்பே சுத்தம் செய்து இயக்கியிருக்கிறார்கள் என்று எழுதினாள். நான்காம் பிரேக்கரைச் சோதனை செய்பவர் தவறுதலாகக் கையால் இயக்கிவிட்டார் என்று எழுதினாள். 'தவறுதலாக' என்ற சொல்லை எழுதும்போது பேனா தாளைக் கொஞ்சம் கிழித்தது. முதல் இயக்கத்தில் ஏறத்தாழ இரண்டு எண்ணும் நேரம் தாமதம், கருவியில் பதிவு இல்லை, காதால் கேட்டது என்று முடித்தாள். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் சாட்சி என்று ஒரு கோடு.

"நான் மட்டும் சொன்னா, அந்தம்மா பட்டனை அமுக்கிட்டு கதை விடுதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க சார். ரெண்டு பேர் சொன்னா கொஞ்சமாவது நிக்கும்."

"நான் கையெழுத்துப் போட்டா," அவர் கதவு இருக்கும் பக்கம் திரும்பாமலே தலையை மட்டும் அசைத்தார், "அந்த அட்டையில ஒம்பது வருஷமா இருக்கறது என்னன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"ரிட்டயராக இன்னும் ஏழு மாசம்."

போடுங்கள் என்று சொல்ல இன்றைக்குத் தனக்கு வாய் இல்லை என்று தோன்றியது. படிவத்தைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பட்டைகளைத் திருப்பி மாட்டினாள். முறுக்கி முடித்ததும் மெயினைப் போட்டாள். கூடத்தில் உருளைகள் முனகித் தொடங்கின. ஒருவர் மேல் ஒருவர் குரல் உயர்த்திப் பேசுவது கேட்டது, சாப்பிட்டு வந்தவர்கள்.

சூப்பர்வைசர் படிவத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரிவரை படித்தார். உதடுகள் அசைந்தன.

"ரெண்டு எண்ணுற நேரம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"நான் எண்ணினேன். மூணு."

திறந்திருந்த கதவு வழியே முதல் நீராவி உள்ளே வந்தது. அவருடைய கண்ணாடி இரண்டு பக்கமும் வெளுத்துப்போயிற்று. அவர் அதைத் துடைக்கவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியவர், கண்ணுக்குத் தெரியாத சாட்சிக் கோட்டை ஆள்காட்டி விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.