டைகர் இழுத்த வழி

...சங்கிலியைப் பிடிச்சி இழுக்காதீங்கம்மா, அது மோந்து முடிச்சிட்டுத் தானா நவுரும் என்று கன்னியப்பன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மேல்மலையனூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனான், செஞ்சியில் நாலு வீட்டு நாய்களைக் காலையில் நடத்திக் கூட்டிப்போய்ப் பிழைக்கிறவன், அவனுக்குத் தெரியாததா, சரி, மோந்து பாரடா டைகர், புதிதாக நட்ட இந்தக் கரண்டுக் கம்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறதோ... அனந்தமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவர் இருந்தவரை இவள் ஒரு நாளாவது இந்தச் சங்கிலியைத் தொட்டிருப்பாளா? வேர்க்கடலை வாங்கி விற்கிற அந்த மல்லாட்டை மண்டியைத் திறக்குமுன் அவரே கூட்டிப்போவார், படுக்கையில் விழுந்த பிறகும், கன்னியப்பன்கிட்ட வுடு, அவனுக்கு இது போற வழி தெரியும் என்றார், எட்டு மாதமாகிவிட்டது அவர் போய், இன்னமும் காலையில் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் அவர்தான் என்று... ஐயோ, இதென்ன, இப்படி வாலை ஆட்டிக்கொண்டு பறக்கிறது, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கே போகிறாய், நில்லுடா!

நின்றது, கறிக்கடை முன்னால். சிவ சிவ என்று சொல்லக்கூடச் சமண வீட்டுப் பெண்ணான அவளுக்கு வழியில்லை, அருகா என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் பெரியதம்பி, கன்னியப்பன் வர்லியாம்மா என்று கேட்டுக்கொண்டே, வாடிக்கைபோல ஒரு எலும்பை எடுத்துப் போட்டார். அடப் பாவி கன்னியப்பா, தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற வீட்டு நாய்க்கா இதைப் பழக்கினாய், நீ வா, உன்னை... அவள் கத்தியே விட்டாள்.

"அவன இன்னாத்துக்குத் திட்றீங்க? ஒங்க வூட்டு நயினாருதாம்மா. ஆறு வருசமா. தோ, அந்தப் புளியமரத்தாண்ட மூஞ்சத் திருப்பிக்கினு நிப்பாரு. 'வாயில்லா சீவன், அதோட ஆசை அதுக்கு. வூட்டுல மட்டும் தெரிய வாணாம் பெரியதம்பி, மனசு கஷ்டப்படும்'னுவாரு."

அவரா? ஆறு வருஷமா? அப்படியானால் மார்கழிக் குளிரில்கூட நாயோடு திரும்பியதும் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்டுதான் படியேறுவாரே, என்ன ஆசாரம் பாருங்க எங்க வீட்டுக்காரருக்கு என்று கோயிலில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் இவள் பீற்றிக்கொண்டாளே, அது இதற்குத்தானா, அட கள்ள மனுஷா... சிரிப்பு வந்துவிட்டது, கறிக்கடை வாசலில், எட்டு மாதத்துக்குப் பிறகு. என்னிடம் ஒன்றை ஒளிக்கத் தெரியாது அவருக்கு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை, இவள் மனசு கஷ்டப்படும் என்று ஆறு வருஷம்...

சிரிப்பு அப்படியே நின்றது. கடைசி நாள் சாயங்காலம், அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வையாகக் கிடந்தபோது, வலிக்குதாங்க என்று கேட்டாளே. அதெல்லாம் ஒண்ணும் வலியில்ல, பொழுது சாயுது பாரு, இருட்டிட்டா அப்பறம் நம்ம வழக்கப்படி நீ சாப்பிட மாட்டே, போயி சாப்பிடு என்றார். அதே முகம்தான், சுளிப்பு இல்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவளும் போய் உட்கார்ந்து, மோர் விட்டுப் பிசைந்து, நிதானமாக, வயிறு நிறைய... கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது...

புளியமரத்தடியில் போய் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பின்னால் டைகர் எலும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது, போகலாம் என்று சங்கிலியை மெல்ல இழுத்தது. அவள்தான் நகரவில்லை. வலிச்சுதாங்க? அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?