எல்லாம் ஒரே அளவில்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. இராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கடை மாடியில் ஓர் அறை, ஒரு கணினி, ஒரு மைக். அதிலிருந்து ஓர் இணைய வானொலி ஓடுகிறது. பிழைக்கப் போன ஊர்க்காரர்கள்தான் நேயர்கள். ஷார்ஜாவில் டிரெய்லர் ஓட்டும் சாதிக் பாட்சா ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டான்.

“பாட்டு வந்தா காதுல அறையுது, பேச்சு வந்தா ஒண்ணுமே கேக்கல. நான் ஸ்டியரிங்கப் புடிக்கவா, வால்யூமத் திருகவா?”

நியாயமான கேள்வி. அவனுக்காகவே கணினியில் ஒரு மென்பொருள் ஏற்றப்பட்டது. உரத்த சத்தத்தை அது அமுக்கும், மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிடும். எல்லாம் ஒரே அளவில் போய்ச் சேரும்.*

(* யாருமே பேசாவிட்டால்? அப்போதும் அது சும்மா இராது. மின்விசிறி, காக்கை, தெருச் சத்தம் என்று எது கிடைக்கிறதோ அதைத் தூக்கும். அதைத் தடுக்கவும் ஒரு வசதி உண்டு. அறிவிப்பாளர் ஜாஸ்மினின் வாக்கிய முடிவுகளை அது விழுங்கியதால் அணைத்து வைத்திருந்தோம். இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: “அன்று மாலை பெலிக்ஸ் வழக்கம்போல மைக்கை...” வேண்டாம். வழக்கம்போல என்று தொடங்கினாலே எதுவோ கெடப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது: “நான்கு மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து சாதிக்கின் மாமா முத்து முகம்மது பெலிக்ஸை அழைத்தார்.” இது பரவாயில்லை. சாதிக்கின் அம்மா இறந்துவிட்டார். மகனிடம் சீரியஸ், கிளம்பி வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. வந்து இறங்கும்வரை சாவை அவனிடமிருந்து ஒளித்து வைப்போம்.

“லோடு வண்டிய யார்டுல விட்டுட்டுத்தான் ஏர்போர்ட்டுக்குப் போவான். ரெண்டு மணி நேர ரோடு. ஒங்க ரேடியோவத்தான் கேட்டுக்கிட்டுப் போவான். வாய் தவறி எதுவும் வந்துறக் கூடாது, தம்பி.”

3

பெலிக்ஸை எனக்குப் பிடிக்கவில்லை. என் இடத்தில் அவனை எதற்கு உண்டாக்கினேன் என்று எனக்கே தெரிந்துபோயிற்று. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இறந்தவரைப் பற்றிய மௌத்து அறிவிப்பு வரும் என்பது பெலிக்ஸுக்கு மறந்துபோகலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு மறக்கலாமா? அந்த நாற்காலியில் இருந்தது அப்துல் ரஹ்மானாகிய நான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த அறிவிப்பைக் கேட்டு வருபவன். பெலிக்ஸ் போகட்டும்.

நான் செய்தது இவ்வளவுதான். சன்னலைச் சாத்தினேன். பாட்டை நிறுத்தினேன், ஏனென்றால் தெரிந்த வீட்டில் சாவு விழுந்து மையத்து இருக்கும்போது சினிமாப் பாட்டுப் போடும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வானிலை, சமையல் குறிப்பு என்று எதையாவது நிறுத்தாமல் வாசிக்கும்படி ஜாஸ்மினிடம் சொன்னேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

4

ஐந்து மணி பத்து நிமிடம். ஜாஸ்மின் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். யாரும் பேசாத அறையில் திரையில் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு தானாக ஏறியது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசல் என் ஹெட்போனுக்குள் வந்து நின்றது.

“சாதிக் பாட்சா அவர்களின் தாயார்...”

(எங்கள் பள்ளிவாசலில் பெண்ணின் பெயரைச் சொல்வதில்லை. மகன் பெயர்தான் முதலில் வரும். அதையும் நான் யோசிக்கவில்லை.)

மைக்கை அணைத்தேன். ஆனால் போனது போனதுதான். இணையத்தில் அனுப்புவது ஷார்ஜாவில் அரை நிமிடம் பிந்தித்தான் கேட்கும். அந்த அரை நிமிடம் எனக்கு மிச்சம் இருந்தது. போனில் ரேடியோ கேட்பவனுக்கு அழைப்பு வந்தால் ரேடியோ நின்றுவிடும். சாதிக்கின் எண்ணைப் போட்டேன்.

எடுத்தான்.

“சவுண்டு எப்படி இருக்கு, சாதிக்கு?” வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“இப்பத்தாண்ணே சரியா இருக்கு. எல்லாம் ஒரே அளவாக் கேக்குது.”

பின்னால் வண்டியின் இரைச்சல். கடிகாரத்தைப் பார்த்தேன், இன்னும் பன்னிரண்டு நொடி. ஜாஸ்மினின் குரல் கரகரக்கிறதா, நடுவில் அறுந்து அறுந்து வருகிறதா என்று இழுத்தேன். பொறுமையாகப் பதில் சொன்னான். அம்மாவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அரை நிமிடம் தாண்டியது. தப்பித்தோம் என்று எழுதிவிட்டு இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். அப்புறம் அந்த வார்த்தையை அடித்தேன்.

“அண்ணே,” என்றான். “ஒரு மணி நேரமா ஒரு பாட்டுக்கூடப் போடலியே. ஊர்ல யாருண்ணே?”

5

ஒரு முடிவு: கம்ப்யூட்டர் கோளாறு என்கிறேன், அவன் நம்புகிறான். [நம்ப மாட்டான். பாட்டு எதற்கு நிற்கும் என்று அவனுக்கும் தெரியும். அதை நான் மறந்ததுதான் கதையே.]

இன்னொன்று: வேறொருவர் பெயரைச் சொல்கிறேன். உயிரோடு இருக்கும் யாராவது ஒரு... [எழுதக் கை வரவில்லை.]

மூன்றாவது: உண்மையைச் சொல்கிறேன். நாற்பது டன் இரும்போடு அவன் அந்த வேகத்தில்

அன்று நான் சொன்னதை எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எழுதமாட்டேன். எழுதினால், சொன்னது சரியா தப்பா என்று நீங்கள் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. யோசிக்க அவகாசமும் கிடைக்கவில்லை.

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. யாருண்ணே என்று கேட்டுவிட்டு அவன் காத்திருக்கிறான். போனை இப்போது உங்களிடம் கொடுக்கிறேன், பேசுங்கள்.