கம்பியில் இல்லாத இரைச்சல்

பத்தாவது முறை நான் கையை உயர்த்தி, "இதுதான் தெளிவு" என்றேன். சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த என் முதுகுக்குப் பின்னால் ராசு சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது. செம்மேட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே வானொலியும் கணிப்பொறியும் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் அவர்.

"திரும்புங்க ஐயா."

திரும்பினேன். பெங்களூரிலிருந்து மருமகன் அனுப்பிய தடித்த யு.எஸ்.பி. கம்பி அவர் மடியில் சுருண்டு கிடந்தது. ஒலிப்பெட்டியில் பழைய நீல நிற நெட்வொர்க் கம்பிதான் மாட்டியிருந்தது.

"பத்து வாட்டியும் இதே வயருதானுங்க. நானு சும்மா புடுங்கிப் புடுங்கிச் சொருகினேன். நீங்க நாலு வாட்டி மங்கல்னீங்க, ஆறு வாட்டி தெளிவுன்னீங்க. அர்த்தனாரி வாத்தியாரு காதுக்கு ஊரே பயப்படும்னு சொல்லுவாங்களே!"

நான் சிரிக்கவில்லை. முப்பத்தோராண்டுகள் இம்மலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். கடைசி வரிசை மாணவன் ஓர் ஒற்றெழுத்தை விழுங்கினாலும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே அவன் பெயரைச் சொல்லிவிடுவேன். அந்தச் செவி, இல்லாத வேறுபாட்டை ஆறுமுறை கேட்டிருக்கிறது.

என் வீட்டு முன்னறையில் கணிப்பொறி இருந்தது, பூசையறையில் ஒலிப்பெட்டி. இடையில் ஓடும் கம்பியை மூன்று முறை மாற்றிவிட்டேன். முதலில் யு.எஸ்.பி., பிறகு நெட்வொர்க், இப்போது மறுபடியும் தடித்த யு.எஸ்.பி. எதனாலும் அந்த இரைச்சல் போகவில்லை. பதிவில் என் மனைவி பெருமாயி பாடும் ஒவ்வோர் அடிக்கும் முன்னால், சருகின்மேல் யாரோ துணியை இழுத்துச் செல்வதுபோல ஓர் அரவம் எழும், அடங்கும். பிறகே அவள் குரல் வரும்.

"வயருக்குள்ள போறது ஒண்ணும் சைபரும்தானுங்க," என்றார் ராசு. "போனா முழுசாப் போவும். போவலீன்னா டப்பு டப்புன்னு அந்து நிக்கும். பாத்துப் பாத்து வரிக்கு வரி நடுவுல போயி உக்காந்துக்கிட்டுக் குசுகுசுங்கறதுக்கு வயருக்கென்னங்க வேண்டுதலா?"

"நீங்க கணக்கால கேக்கறீங்க ராசு. நான் காதால கேக்கறேன்."

"இப்பத்தான பாத்தமுங்க உங்க காத!"

நான்கு மணிப் பேருந்தில் என் மகள் வருகிறாள். நாளை அவள் தாய்க்கு ஐந்தாம் ஆண்டு நினைவு நாள். படத்தின்முன் விளக்கேற்றி, அந்தப் பதிகத்தை மாசு மருவின்றி ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதே இந்த இரண்டாயிரத்தெட்டில் எனக்கு எஞ்சியிருந்த ஒரே விருப்பம்.

அந்தப் பதிகம் நான் இயற்றியது. எங்கள் மலைக்கோயில் அறப்பளீசுவரர்மீது பத்துப் பாடல்கள், பாட்டுக்கு நாலடி. அடிதோறும் ழகரம் பயில வேண்டுமென்று அரும்பாடுபட்டுக் கோத்தேன். 'மழைநுழை சோலை வாழ்பவ, நின்றன் கழலிணை தொழுதேன்' என்று முதற்பாடல் தொடங்கும். பெருமாயி இதே மலையில் தேவனூர் நாட்டுக்காரி. சாமையும் மிளகும் விளைவித்த குடும்பத்தின் மகள். கேட்டவர் எழுந்து போக மனம் வராத குரல் அவளுக்கு. ஆனால் அவள் நாவுக்கு ழகரம் மட்டும் வசப்படவில்லை. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆடிப்பெருக்கன்று கோயில் மண்டபத்தில் அவளைப் பாடவைத்தேன். 'களலிணை தொளுதேன்' என்று அவள் உருகினாள். சமவெளியிலிருந்து வந்திருந்த இரு புலவர்கள் ஒருவரையொருவர் பார்த்து மெல்ல நகைத்தனர்.

வீடு திரும்பியதும் சொன்னேன்: "ழகரம் வராத நாக்குக்குப் பதிகம் ஒரு கேடா?"

அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பு நிற்கவில்லை. "சரிங்க. இனிப் பாடுலீங்க."

அதன்பின் வாழ்ந்த நான்காண்டுகளில் என் செவி கேட்க அவள் பாடவேயில்லை. இறைவன் தொளுதேனையும் தொழுதேனாகவே ஏற்றிருப்பான்; ஏற்காதவன் நான் ஒருவனே.

இந்தப் பொங்கலுக்குப் பரண் துடைத்தபோது, கேழ்வரகுத் தகரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பெயரெழுதாத ஒலிநாடா ஒன்று கிடைத்தது. அதே பதிகம், அவள் குரல். நான் பள்ளிக்குப் போயிருந்த பகல்களில் தானே பதிந்திருக்கிறாள். மழை, வாழ்பவ, கழல், தொழுதேன்: ஒன்றும் பிசகவில்லை. நான் அழுதேன். அழுகைக்கு நடுவே, பாடம் பலித்த ஆசிரியனின் பெருமிதமும் எனக்குள் தலைகாட்டியதை மறைக்க மாட்டேன்.

ராசு அதைக் கணிப்பொறிக்கு மாற்றினார். மறுமுறை ஓடவிட்டபோது நாடா நைந்து அறுந்தது. அடிகளுக்கிடையே இருந்த இரைச்சலையெல்லாம் வெட்டி நீக்கச் சொல்லி, மகளுக்குக் குறுந்தகடு ஒன்று அனுப்பினேன். ஆனால் வெட்டியதில் மூச்சுவிட இடமின்றிப் பாட்டு மூட்டிய துணிபோல ஆயிற்று. ஆகவே, வெட்டாத முதல் பதிவையே வைத்துக்கொண்டு, குற்றம் அவள் பாட்டில் இருக்காது, கம்பியில்தான் என்று தேடத் தொடங்கினேன்.

குறுந்தகட்டைக் கேட்ட மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா எத்தனை சுத்தமாப் பாடியிருக்காங்கப்பா," என்றாள். "என் பேரத்தான் ஒருநாளும் சொல்லிக் கூப்புட்டதில்ல."

அவள் பெயர் பூங்குழலி. நான் வைத்த பெயர். பெருமாயி அவளைக் கண்ணு என்றே அழைத்தாள், பள்ளி வாசலிலும், மணப்பந்தலிலும். எட்டு வயதில் குழந்தை கேட்டது: "அம்மாவுக்கு எம்பேரு புடிக்கலீங்களா?" "புடிச்சாலும் உங்கம்மா வாயில நிக்காது," என்று நான் பெரிதாகச் சிரித்தேன். பெருமாயி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"ஒண்ணு செய்யலாமுங்க," என்றார் ராசு. "வயரையெல்லாம் உட்டுருவோம். நேரா கம்ப்யூட்டருல ஹெட்போனை மாட்டறேன். பாட்டை உட்டுட்டு அந்த நடுச்சத்தத்த மட்டும் தூக்கி வெச்சுக் கேட்டுப் பாருங்க."

காதொலிப்பானின் ஒரு குமிழை நான் வைத்துக்கொண்டேன், மற்றொன்றை அவர் தம் காதோடு சேர்த்தார். முதலில் பதிவுப்பெட்டியின் உறுமல். எங்கோ ஒரு காகம். உலை கொதிக்கும் ஓசை. பிறகு அந்தச் சருகு அரவம் அருகில் வந்தது, அது குரலாயிற்று. பதிவை இடையில் நிறுத்தும் விசை அவளுக்குத் தெரியாது. ஆகையால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

"பூங்குளலி... பூங்குளலி... பூங்கு... பூங்குழலி."

உடனே திரும்பி வந்து, அந்த ழகரம் நாவில் ஈரம் காயுமுன், 'கழலிணை தொழுதேன்' என்று பாடினாள்.

அடுத்த அடிக்கு முன்னும் அதுவே. அதற்கடுத்த அடிக்கு முன்னும். நாற்பது அடிகள். ஐந்தாம் பாட்டில் இரண்டாம் முறையிலேயே பெயர் வாய்த்தது. கடைசிப் பாட்டில் முதல் முறையே வாய்த்தது. வாய்த்த பின்னும் விடாமல் இன்னொருமுறை சொன்னாள், யாரையோ வாசலிலிருந்து உள்ளே அழைப்பதுபோல.

ராசு காதிலிருந்து குமிழை எடுத்தார். மடியிலிருந்த கம்பியை எதற்கோ நீட்டிச் சுருட்டினார்.

"நானுதானுங்களே ஐயா இத வெட்டிப்புட்டேன்."

"வெட்டச் சொன்னது நான்."

மகளின் வீட்டில் இருக்கும் குறுந்தகட்டில் என் பதிகம் முழுதும் இருக்கிறது, அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இங்கிருப்பதை ஒலிக்கச் செய்தால் அவள் கேட்பாள்: அம்மா ஏன் ஒளிந்து சொன்னாள்? அதற்கு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் விடை. கேள்விக்குறியோடு முடியும் அந்த வாக்கியத்தை நான் ஒன்பதாண்டுகளாக எவரிடமும் சொன்னதில்லை.

"பாப்பா வந்தா எதைப் போடட்டுமுங்க?" என்றார் ராசு, திரையைப் பார்த்தபடியே.

வளைவில் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. அடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளும் ஏறிவந்த களைப்பு அதன் இரைச்சலில் இருந்தது. நான் செருப்பணிந்து வெளியே வந்தேன். பேருந்து வீட்டெதிரே வந்து நின்றது.

அவள் இறங்கி எனக்கு முதுகு காட்டி நின்று, படியிலிருந்த பையை இழுத்துக்கொண்டிருந்தாள். அழைப்பதற்கு வாயைத் திறந்தேன். நாற்பது முறை கேட்ட பெயர். நா மேலண்ணத்தை நோக்கி மடியவேண்டிய இடத்தில் மடியவில்லை.

"பூங்குளலி."

பேருந்து நகர்ந்தது. பை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் சாய்ந்தது. அவள் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளைத் தாண்டி, திறந்து கிடந்த வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.