அக்காவின் கோணல் தையல்

என் கடையில் கார் சீட்டுக்கு உறை தைப்போம், பழைய சோபாவுக்கு மெத்தை மாற்றுவோம். தெருவில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் தெரியாது என்பேன். ஆனால் கடை போர்டில் அதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது நான்தான்.

அக்கா இறந்து சில வாரம் கழித்து அவளுடைய பீரோவை ஒழித்தபோது இரண்டு போர்வைகள் கிடைத்தன. பழைய உடுப்புகளை வெட்டி, துண்டுக்குத் துண்டு ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துக் கையால் தைக்கிற போர்வைகள். இரண்டும் பாதியில் நின்றிருந்தன. ஒன்று அவள் மகளுக்கு. மற்றது அத்தானுக்கு. அவர் பஸ் டிரைவர். அந்தப் போர்வையில் அவருடைய காக்கிச் சட்டையும் அக்காவின் பூப்போட்ட நைட்டியும் மாறி மாறி வந்தன.

"யாராவது முடிச்சுக் கொடுத்தா நல்லாயிருக்கும்" என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

"யாராவது என்ன யாராவது? நான் எதுக்கு இருக்கேன்? லாரி சீட்டே தைக்கிறவன். இதெல்லாம் எனக்கு ஒரு மத்தியான வேலை அத்தான்" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் வீட்டில் மாதக்கணக்காகப் பிய்ந்து கிடக்கும் தலையணை உறைகள் அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தன.

மகளுடைய போர்வையைக் கடை மெஷினில் கொடுத்தேன். சீட்டுக்குப் போடுகிற முரட்டு நைலான் நூல், நெருக்கமான தையல். உண்மையாகவே ஒரு மத்தியானத்தில் முடிந்தது. பெருமையோடு கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். சாய்த்த இடத்திலேயே நின்றது.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் அக்கா மகள். "இது போர்வையா, கதவா?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். போர்த்தப் போர்த்த சரியாயிடும்."

பாவம், நல்ல பிள்ளை. உடனே படுத்துப் போர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, கைய மடக்க முடியல."

என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். அக்கா போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். வெட்கமில்லாமல் அதையும் என் சாதனையில் சேர்த்துக்கொண்டேன்.

அத்தானுடைய போர்வையைக் கையாலேயே முடிப்பது என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அக்காவின் தையலை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நேராகக் கிளம்பும், நடுவில் யாரோ கூப்பிட்டதுபோல ஒதுங்கும், பிறகு நினைவு வந்து திரும்பும். அதன் பக்கத்தில் என் தையல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி இருந்தது. பார்க்கிறவர்கள் அந்தக் கோணலையும் மாஸ்டர் தைத்தது என்று நினைத்துவிட்டால்? என் பெயர் என்னாவது?

பிளேடை எடுத்தேன். அக்கா போட்ட தையலையெல்லாம் பிரித்தேன். எல்லாவற்றையும் நேராகத் தைத்து, அத்தானைக் கடைக்கு வரச் சொன்னேன்.

அவர் டூட்டி முடிந்து அப்படியே வந்தார். கட்டிங் மேசையில் விரித்துக் காட்டினேன். உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார்.

"இது அவ தைச்ச இடம்தானே?"

"ஆமா அத்தான். கோணலா இருந்துச்சு. பிரிச்சு நேராப் போட்டுட்டேன். எப்படி இருக்கு?"

எப்படி இருக்கு என்று வேறு கேட்டேன் பாருங்கள்.

"நல்லாயிருக்கு" என்றார். பிறகு, "அவ தைச்சது ஒண்ணும் மிச்சம் இல்லையா?" என்றார்.

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். குப்பைச் சாக்கைத் தரையில் கவிழ்த்து, ரெக்சின் துண்டுக்கும் ஸ்பாஞ்சு தூளுக்கும் நடுவில் மண்டிபோட்டு நூல் பொறுக்க ஆரம்பித்தேன். வாசலில் கார்க்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"விடுடா. அந்த நூல வச்சு என்ன பண்ணப் போற?" என்று அத்தான் என்னைத் தூக்கிவிட்டார்.

எழுந்தபோது போர்வையின் ஒரு மூலை மடங்கியிருந்ததைப் பார்த்தேன். விரித்தேன். ஒரு சாண் அளவுக்குப் பிரிக்காமலே விட்டிருந்தேன், சோம்பேறித்தனத்தால். நீளமும் குட்டையுமாக அக்கா அங்கே இருந்தாள். அத்தான் அதன்மேல் கட்டைவிரலை வைத்து எடுக்காமல் நின்றார். அந்தப் போர்வையில் என் கைவேலையில் உருப்படியானது, நான் செய்யாமல் விட்ட அந்த ஒரு சாண்தான்.

"என் தையலையெல்லாம் பிரிச்சு, அவள மாதிரியே கோணலாத் தைச்சுத் தரேன் அத்தான்" என்றேன்.

கொஞ்சம் பிரித்துத் தைத்தும் பார்த்தேன். கோணலும் ஒரே அளவில் வந்தது. "அலை அலையா டிசைன் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவி.

அத்தான் கையை நீட்டினார். "இங்க கொடு."

ஊசியே பிடித்தறியாத மனிதர். சாயங்காலம் முழுக்கத் தைத்துவிட்டுக் கிளம்ப எழுந்தார். போர்வையும் கூடவே எழுந்தது. பேண்ட்டோடு சேர்த்துத் தைத்திருந்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அழுதுவிட்டார். நான் அவர் பேண்ட்டைப் பிரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் டூட்டி முடிந்து கடைக்கு வந்து, நான் பிரித்துவைத்த இடத்தில் தைத்தார். அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது என்பதால் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் முடிச்சுப் போடுவதும் மாஸ்டர் வேலை.

"மோசமா இருக்கில்ல?" என்பார்.

"ரொம்ப மோசம் அத்தான். அக்காவே பரவாயில்ல."

"பார்த்தா திட்டுவா."

"சும்மா விடுவாளா?"

அவருக்கு அது பிடித்திருந்தது. அடுத்த தையலை இன்னும் மோசமாகப் போடுவார்.

போர்வை முடிந்த அன்று, சீட் கவர் வாங்க வந்த ஒருவர் மேசைமேல் இருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன மெத்துனு இருக்கு! மாஸ்டர், உங்க கையா?"

"ஐயோ, அந்த அளவுக்கு நமக்கு வராதுங்க" என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த அத்தான் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டார்.